கலைச்சொல் வேண்டும்: ‘லைட் ரயில்வே’ – மெலிதடம் சரிவருமா?

அனுப்பியவர்: சூரமங்கலத்தான்

குழுவினருக்கு வணக்கம்.

சேலத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாதிரி ரயில் லேஅவுட் (நிஜப் பாதையைச் சிறிதாக்கி அறைக்குள் அமைப்பது) போடத் திட்டமிடுகிறோம். எடுத்துக்கொண்டது மொரப்பூர்–தருமபுரி பாதை. தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்த நாளில், 1906-இல் திறந்தது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அகலம் 2 அடி 6 அங்குலம்.

பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள் என்பதால் பலகை, கையேடு எல்லாம் தமிழில். கையேட்டின் முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘லைட் ரயில்வே’ என்பதற்கு என்ன எழுதுவது? ‘இலகு ரயில்’ என்றால் நகரத்துக்குள் டிராம் மாதிரி ஓடுகிற வண்டி என்றுதான் இன்று செய்தித்தாள் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் கேட்பது கரட்டுக்காட்டிலும் சோளக்காட்டிலும் மெதுவாக ஊர்ந்த ரயிலை.

*

அனுப்பியவர்: அம்மாப்பேட்டை வாத்தியார்

தம்பி, புதுச்சொல் எதற்கு? ‘குறும்பாதை’ இருக்கிறதே. அது போதாதென்றால் ‘நொய்த்தடம்’ என்று வைக்கலாம். நொய்ம்மை என்றால் கனமின்மை. பழைய சொல், நல்ல சொல், யாரும் எடுத்தாளாமல் கிடக்கிறது.

*

அனுப்பியவர்: ஏற்காட்டிலிருந்து

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நொய் என்றதும் எனக்குக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. ‘மென்தடம்’ அல்லது ‘எளிதடம்’ பரவாயில்லையா?

அப்புறம் ஒரு விண்ணப்பம். எங்கள் மலைக்கு ரயில் வந்ததே இல்லை. கொண்டைஊசி வளைவு இருபதையும் சுற்றி ஏறுகிற மாதிரி ஒரு தடம் போட்டுக் காட்டக் கூடாதா? மேலேயிருந்து காப்பிக்கொட்டை இறங்கட்டும்.

*

அனுப்பியவர்: சூரமங்கலத்தான்

வாத்தியார் ஐயாவுக்கும் ஏற்காட்டு அக்காவுக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> ‘குறும்பாதை’ இருக்கிறதே.

குறும்பாதை என்பது நேரோ கேஜ். அது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சொல்கிறது. லைட் ரயில்வே என்பது கட்டிய விதத்தைச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1896-இல் லைட் ரயில்வே சட்டம் வந்தபின் கர்னல் ஸ்டீஃபன்ஸ் என்ற பொறியாளர் கட்டிய கென்ட்–கிழக்கு சசெக்ஸ் பாதையைப் பாருங்கள். அகலம் மற்ற பெரிய ரயில்களுக்குள்ள அதே அகலம்தான். ஆனாலும் அது லைட் ரயில்வே. கனமில்லாத தண்டவாளம், மணிக்கு 25 மைலுக்குள் வேகம், ஆள் குறைந்த நிலையங்கள், மேட்டைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகிற வழி. காசு குறைவாகப் போட்டு, ரயில் எட்டாத ஊருக்கு ரயிலைக் கொண்டுபோவதுதான் நோக்கம். நம் பக்கத்திலும் 1876–78 பஞ்சத்தின் அடி பலமாக விழுந்த வறண்ட காட்டுக்குத் தானியம் போய்ச்சேர வழி வேண்டும் என்ற கணக்கில்தான் இந்த மாதிரிப் பாதைகள் வந்தன. இங்கிலாந்துச் சட்டம் மொரப்பூருக்குப் பொருந்தாது, சரி. கட்டிய மனப்பான்மை ஒன்றுதான். ஆகவே அகலத்தைக் காட்டும் சொல் எனக்கு உதவாது.

> ‘மென்தடம்’ அல்லது ‘எளிதடம்’

மென்பொருள் வந்தபிறகு ‘மென்’ முழுக்கக் கணினிக்காரர்களுக்குப் பட்டா ஆகிவிட்டது. மென்தடம் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் ஏதோ செயலி என்று நினைப்பார்கள். எளிதடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மூர்ப் பிள்ளைகள் வாயில் அது எலித்தடம்தான்.

நான் முதலில் யோசித்தது ‘சிறுசுமைப் பாதை’. அதைக் கவிழ்த்தது பார்சி ரயில். மகாராஷ்டிரத்தில் எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர் 1897-இல் திறந்தது, இதுவும் 2 அடி 6 அங்குலம். கெஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள தண்டவாளம்தான். இன்ஜினோ வேகனோ, எந்தச் சக்கர அச்சிலும் 5 டன்னுக்கு மேல் ஏறக் கூடாது என்று சுமையைப் பல அச்சுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அதனால் ஒல்லியான தண்டவாளத்தின்மேல் பெரிய பெரிய வேகன்களே ஓடின. சுமை சிறியதில்லை, தண்டவாளம்தான் மெலிந்தது. ஆகவே என் முன்மொழிவு: மெலிதடம்.

இதற்கு லேஅவுட் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. நாங்கள் எடுக்கும் ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 2 அடி 6 அங்குலம் என்பது 762 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 8.76 வரும். கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தடம் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. (1:76 எடுத்தால் அதே 9 மில்லிமீட்டர் 2 அடி 3 அங்குலம் ஆகிவிடும், அதனால் அது வேண்டாம் என்று விட்டோம்.) அகலம் தீர்ந்தது. தண்டவாளத்தின் உயரத்தில்தான் ஏமாற்றம். பொம்மை ரயிலோடு வரும் ‘கோட் 100’ தண்டவாளத்தின் உயரம் 2.54 மில்லிமீட்டர் (கோட் எண் என்பது உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு). 87-ஆல் பெருக்கினால் 221 மில்லிமீட்டர்! இன்று சேலம் ஜங்ஷனைக் கடக்கும் எக்ஸ்பிரஸ்களுக்குப் போடும் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 172தான். பஞ்சத்துக்குப் போட்ட பாதை ராஜபாட்டையாகத் தெரியும். ‘கோட் 55’ போட்டால் 122, ‘கோட் 40’ போட்டால் 88. எங்களுக்கு 40தான் வேண்டும், கையால் போட வேண்டியிருந்தாலும். பார்க்கிறவர் கண்ணில் முதலில் படப்போவது அந்த மெலிவுதான். பக்கத்திலேயே மொரப்பூர் பிராட் கேஜ் மேடை இருக்கும். இரண்டு தண்டவாளத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம்.

முழுப் பாதையையும் போட முடியாது. முப்பது கிலோமீட்டர் என்று வைத்தாலே 345 மீட்டர் நீளம் வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு மாடி அறை. மொரப்பூர் ஒரு கோடி, தருமபுரி மறுகோடி, நடுவில் ஒரு சிறு நிறுத்தமும் புளியமரச் சாலையும். மொரப்பூரில் மூட்டையைப் பெரிய வேகனிலிருந்து சின்ன வேகனுக்கு மாற்றும் மேடைதான் ஆட்டத்தின் மையம். அகலம் மாறுகிற இடத்தில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றித்தானே ஆகவேண்டும்? கண்காட்சிக்கு நிற்கிறவர்களுக்கு வேலையும் அங்கேதான்.

அக்கா, ஏற்காட்டு ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கொண்டைஊசி வளைவில் ரயில் திரும்பாது. நீலகிரியில் பல்சக்கரம் வைத்து 12-க்கு 1 ஏறுகிறார்கள், அது வேறு உலகம். வேண்டுமானால் பின்திரையில் சேர்வராயன் மலையைத் தீட்டிவிடலாம்.

*

அனுப்பியவர்: தருமபுரியிலிருந்து

மெலிதடம் கேட்க நன்றாக இருக்கிறது. ‘கிளைப்பாதை’யோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது ‘சின்ன ரயில்’. அதையும் கையேட்டில் போட்டுவிடுங்கள். கலைச்சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர் வாயில் இருந்த பேரை விட்டுவிடாதீர்கள்.

*

அனுப்பியவர்: சூரமங்கலத்தான்

பலகையின் தலைப்பே ‘சின்ன ரயில்’ என்று வைத்துவிடுகிறோம். மெலிதடம் கையேட்டுக்கு. கிளைப்பாதை என்பது எங்கிருந்து பிரிகிறது என்பதைச் சொல்வது. மெலிதடம் கிளையாகவும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். இதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்.

*

அனுப்பியவர்: அம்மாப்பேட்டை வாத்தியார்

நொய்த்தடத்தைக் கஞ்சியாக்கிவிட்டீர்கள், போகட்டும். மெலிதடத்துக்கு எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும்: அச்சுக்கோப்பவர் ‘மெலித்தடம்’ என்று ஒற்றைச் சொருகிவிடப்போகிறார். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. வல்லினம் மிகாது. மெய்ப்புப் பார்க்க எனக்கு ஒரு படி அனுப்பு.