ஓய்வு நேரச் சம்பாத்தியமும் கூலியில் சேராத மணிக்கணக்கும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

அன்றாட வேலை முடிந்தபின் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் கூடுதலாகச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. செய்து பார்த்து, கையில் என்ன மிஞ்சியது என்று சொல்பவர்கள்தான் குறைவு. ஆகவே இங்கே எழுதுபவர்கள் தாங்கள் செய்த வேலையோடு, கூலி கிடைத்த நேரத்தையும் கூலியே இல்லாமல் கழிந்த நேரத்தையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். தொகையைச் சொல்ல வேண்டாம். அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் உறுப்பினர்:

நேர்காணல்கள், கருத்தரங்க உரைகள், கூட்டங்கள் ஆகியவற்றின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருகிறேன். இதில் கூலி, பதிவின் நிமிடக் கணக்கில் பேசப்படுகிறதே தவிர, நாம் உட்கார்ந்திருக்கும் நிமிடக் கணக்கில் அல்ல. ஒரு மணி நேரப் பதிவுக்குப் பழகிய கைக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. இருவர் ஒரே நேரத்தில் பேசினாலோ, மைக் மேசையின் மறுகோடியில் இருந்தாலோ அது இன்னும் நீளும். எனவே யாராவது ஒரு தொகையைச் சொன்னால், அதை நான்கால் வகுத்துப் பார்த்த பிறகே சம்மதிப்பேன். வேலையை ஏற்குமுன் பதிவின் நடுப்பகுதியைக் கேட்டுப் பார்ப்பதும் என் வழக்கம். தொடக்கத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முடித்தபின் ஒருவராகத்தான் பேசுகிறார்கள்.

எப்படி எழுதித் தர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வந்து’, ‘அதாவது’ போன்ற இட்டுநிரப்பும் சொற்களையும் பாதியில் நின்ற வாக்கியங்களையும் அப்படியே கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. அவற்றை நீக்கிப் படிக்கத் தகுந்ததாகக் கேட்பவர்களும் உண்டு. பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றித் தரச் சொல்பவர்கள் மூன்றாம் வகை. அது தட்டச்சு வேலையே அல்ல. அதற்குத் தனிக் கூலி பேசாமல் நான் தொடுவதில்லை.

இப்போது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், அவை தரும் வரைவைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறார்கள். தெளிவான பதிவுக்கு இது நியாயம்தான். இரைச்சலான பதிவிலோ மென்பொருளின் பிழை பிழையாகவே தெரியாது என்பதுதான் சிக்கல். ஒரு கூட்டத்தின் பதிவில், “இந்த மாதத்துக்குள் தர முடியாது” என்று ஒருவர் சொன்னது “தர முடியும்” என்று வரைவில் வந்திருந்தது. தமிழில் மறுப்பு வினையின் கடைசியில் ஒட்டி நிற்கிறது. பேசுபவரின் குரலும் அதே இடத்தில்தான் தாழ்ந்துபோகிறது. வாக்கியத்தை வாசித்தால் எந்தக் குறையும் தெரியாது. மீண்டும் ஓடவிட்டுக் கேட்டால்தான் பிடிபடும். அப்படி முழுப் பதிவையும் கேட்டே தீர வேண்டியிருக்கும்போது, திருத்துவதற்கு ஆகும் நேரம் புதிதாகத் தட்டச்சு செய்யும் நேரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் வரைவையும் பதிவையும் அருகருகே வைத்துச் சில நிமிடங்கள் சரிபார்த்த பிறகே திருத்தக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

இணையத்தில் குறுவேலைகள் செய்த உறுப்பினர்:

படத்தில் இருக்கும் வாகனங்களைச் சுற்றிக் கட்டம் வரைவது, ஒரு விமர்சனம் பாராட்டுகிறதா திட்டுகிறதா என்று குறிப்பது, ரசீதில் உள்ள எண்களைப் படித்து எழுதுவது போன்ற துண்டு வேலைகளைச் சில காலம் செய்தேன். இவ்வகை வேலைகளுக்குப் பெயர்போன அமேசானின் ‘மெக்கானிக்கல் டர்க்’ தளம் 2005-இல் தொடங்கப்பட்டது. 1770-இல் வொல்ஃப்காங் வான் கெம்பெலென் என்பவர் தானே சதுரங்கம் ஆடும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டினார். உண்மையில் உள்ளே ஓர் ஆள் ஒளிந்திருந்து ஆடினார். அந்த இயந்திரத்தின் பெயரையே தளத்துக்கு வைத்தார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஆள் நாம்தான் என்பதை அவர்கள் மறைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நான் வேலை செய்தது வேறொரு தளத்தில். அங்கே ஒரு துண்டு வேலையை முடிக்க ஆன நேரத்தைவிட, அடுத்த வேலையைத் தேடவும், நீண்ட விதிமுறைகளைப் படிக்கவும், தகுதித் தேர்வு எழுதவும் ஆன நேரமே பல நாள்களில் அதிகம். முடித்துக் கொடுத்ததைக் காரணம் சொல்லாமல் நிராகரித்தால் அதற்கும் கூலி கிடையாது. எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தேடியபோது, மெக்கானிக்கல் டர்க் பணியாளர்களின் வருவாயைக் குறித்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. வேலை தேடும் நேரம், நிராகரிக்கப்பட்ட வேலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, இடைநிலை வருவாய், அதாவது பணியாளர்களில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை, மணிக்கு ஏறத்தாழ 2 டாலர் என்று அது சொல்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. நான் விலகிக்கொண்டேன். பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் செய்வதற்கு வேண்டுமானால் பொருந்தும்.

துணி ஆல்டரேஷன் செய்யும் உறுப்பினர்:

மேலே இருவரும் திரைக்கு முன் அமர்ந்து செய்யும் வேலைகளைச் சொன்னார்கள். நான் தையல் இயந்திரத்தில் செய்வதைச் சொல்கிறேன். புதுத் துணி தைப்பதைவிட ஆல்டரேஷன் வேலையே ஓய்வு நேரத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து, ஏனெனில் எடுத்ததை ஒரே இருப்பில் முடித்துவிடலாம். ஆனால் இதிலும் கூலியில் சேராத ஒரு நேரம் உண்டு. அது பிரிக்கும் நேரம். கால்சட்டைக்கு ஜிப் மாற்றும்போது தைப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. பழைய தையலைத் துணி கிழியாமல் பிரிக்கவும், நூல் பிசிறுகளைப் பொறுக்கவும் அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. ஜீன்ஸ் என்றால் இரட்டைத் தையல் வேறு. அதனால் நான் எவ்வளவு தைக்க வேண்டும் என்று பாராமல், எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று பார்த்தே கூலி சொல்கிறேன்.

ஜிப் போய்விட்டது என்று கொண்டுவரப்படும் துணிகளில் பலவற்றுக்கு ஜிப்பை மாற்றவே வேண்டியதில்லை. பல் நன்றாக இருந்து, ரன்னர் மட்டும் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். அது மேலே போன பிறகும் பின்னால் பற்கள் திறந்துகொள்ளும். ரன்னரின் பின்பக்க ஓரங்களைக் குறட்டால் ஒரு பக்கம், மறுபக்கம் என்று மெதுவாக அழுத்தினால் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. ஒரேயடியாக அழுத்தினால் உடைந்துவிடும். இதற்குப் பெரிய கூலி வாங்க முடியாது. ஆனால் ‘மாற்ற வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பியவர்களே பிறகு மற்ற வேலைகளைக் கொண்டுவருகிறார்கள். உயரம் குறைக்கும் வேலையில், பருத்தித் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே வாங்கிக்கொள்கிறேன். தைத்தபின் சுருங்கினால் பழி நமக்குத்தான். அளவெடுக்கும்போது அவர் வழக்கமாக அணியும் காலணியோடு நிற்க வைத்துக் குண்டூசி குத்த வேண்டும்.

தெரிந்தவர்களிடம் கூலி கேட்பதுதான் இந்தத் தொழிலின் ஆகப் பெரிய சங்கடம். “சும்மா ஒரு தையல்தானே” என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். கூலிப் பட்டியலை எழுதி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்த பிறகு, வாய்திறந்து கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஒட்டியதைப் பார்த்துவிட்டு வராமல் நின்றுபோன உறவினர் ஒருவரும் இருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை.

பழைய புத்தகங்கள் விற்கும் உறுப்பினர்:

வீட்டில் சேர்ந்த புத்தகங்களை இணையத்தில் விற்கத் தொடங்கி, இப்போது பிறருடையதையும் பங்குக்கு விற்றுத் தருகிறேன். ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் உள்ள புத்தகத்தை, அதுவும் 2007 முதல் வழக்கில் உள்ள 13 இலக்க எண் இருந்தால், பட்டியலில் சேர்ப்பது எளிது. எண்ணைத் தட்டினால் விவரங்கள் வந்துவிடும். ஆனால் அதே புத்தகத்தைப் பலரும் விற்பதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். எண்ணே இல்லாத பழைய பதிப்புகளுக்கு எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். தேடுபவரோ அதைத்தான் தேடுகிறார். பதிப்பு விவரப் பக்கத்தின் படம், அடிக்கோடு, பூச்சி அரித்த ஓரம் என அனைத்தையும் முதலிலேயே காட்டிவிட்டால் திருப்பி அனுப்புவோர் குறைவு. எடையைப் பொதி கட்டிய பிறகு பார்க்க வேண்டும். அட்டையும் நாடாவும் சேர்ந்து அஞ்சல் கட்டணத்தை அடுத்த படிக்கு ஏற்றிவிடுகின்றன.

தரவு உள்ளீட்டு வேலையை மறுத்த உறுப்பினர்:

நான் செய்யாமல் விட்ட வேலையைப் பற்றி எழுதுகிறேன். படங்களாகத் தரும் பக்கங்களை ஒரு வாரத்துக்குள் தட்டச்சு செய்து கொடுத்தால் கணிசமான தொகை தருவதாக ஒரு நிறுவனம் அழைத்தது. ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்தபோது, மிக உயர்ந்த துல்லியம் இல்லையென்றால் கூலி கிடையாது என்றும், குறித்த நாளில் முடிக்காதவர் நிறுவனத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் உள்ளே இரு விதிகள் இருந்தன. துல்லியத்தை அளப்பவர்களும் அவர்களே. கூலியைக் கொடுக்காமல், வழக்குப் போடுவதாக மிரட்டி நம்மிடமே பணம் கறப்பது இவ்வகை ஏமாற்றின் நோக்கம். வேலை கொடுப்பவருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டிய சூழல் எந்த வடிவில் வந்தாலும், அது முன்பணமோ பதிவுக் கட்டணமோ அபராதமோ, அங்கேயே நின்றுவிடுவது நல்லது. காணொளிகளுக்கு விருப்பக்குறி இடச் சொல்லி, முதலில் சிறு தொகையை உண்மையாகவே கொடுத்து, பிறகு ‘பெரிய பணி’க்குப் பணம் கட்டச் சொல்வதும் இதே குடும்பம்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பினால் பங்கு தருவதாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் திருட்டுப் பணம். விசாரணை முதலில் வருவது கணக்கின் உரிமையாளரைத் தேடித்தான்.

இழையைத் தொடங்கியவர்:

தட்டச்சு செய்யும் நண்பரிடம் ஒரு கேள்வி. கூலி இல்லாமல் மாதிரி வேலை செய்து காட்டும்படி கேட்டால் ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் உறுப்பினர்:

ஐந்து நிமிடப் பதிவு வரை செய்து கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் வழக்கமான கூலியைச் சொல்வேன். நீண்ட பதிவு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, பலருக்கு ‘மாதிரி’ என்று அனுப்பி, இலவசமாகவே முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அனுப்பிய துண்டு வாக்கியத்தின் நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால் நான் பதிலே எழுதுவதில்லை.