பாக்கெட்டில் போகாத கேமராவுக்கு எதற்கு அந்த விலை?

லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது, விலையோ லட்சத்தைத் தொடுகிறது, அப்புறம் எதற்கு இந்தப் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) வைத்த சின்ன காம்பாக்ட் கேமராக்கள் எல்லாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது ரிக்கோ ஜிஆர் 3. நண்பருடைய ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100விஐயையும் கொஞ்ச நாள் வாங்கி வைத்துப் புழங்கியிருக்கிறேன். அதை வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்கிற அளவுள்ள சென்சார், 23.5க்கு 15.6 மி.மீ. ஒரு இன்ச் சென்சார் என்று விற்கிற சோனி ஆர்எக்ஸ்100 வகைகளைவிடப் பரப்பில் மூன்று மடங்கு. ஆனால் பட்டப்பகலில் எடுத்து போன் திரையில் பார்க்கிற படத்தில் இதெல்லாம் ஒன்றுமே தெரியாது, தெரிகிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தெரிகிற இடம் வேறு. விளக்கு வைக்கிற நேரத்தில் கடைக்குள் டியூப்லைட், வெளியே பாதி இருட்டு, நடுவில் ஓர் ஆள் நடந்து போகிறார் என்று வையுங்கள். போன் நாலைந்து படங்களை ஒட்டவைத்து நிழலையெல்லாம் வெளுக்கடித்து, நடக்கிறவர் முகத்தை மெழுகிவிடும். இந்தக் கேமராக்களில் இருட்டு இருட்டாகவே இருக்கும், தேவைப்பட்டால் ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) கோப்பில் இருந்து நாம் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இதற்காக மட்டும் என்றால் லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவான ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் போதும். நான் ஜிஆரைக் கொண்டாடுவது ஸ்னாப் ஃபோகஸுக்காக. தூரத்தை 2 மீட்டரில் பூட்டிவிட்டு அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 8க்குச் சுருக்கி வைத்தால், 28 மி.மீ. பார்வைக் கோணம் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்) என்பதால், சுமார் ஒரு மீட்டரில் இருந்து தெருக்கோடி வரை எல்லாமே போதுமான அளவு துலக்கமாக விழும். ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டியதுதான், கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டு நிற்காது. மதுரை கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்கள், குறுக்கே வருகிற சைக்கிள், டீ வாங்கிக்கொண்டு ஓடுகிற பையன் என்று ஒரு நொடியில் கலைந்துபோகிற காட்சிகளுக்கு இதைவிட வசதியான கருவியை நான் தொட்டதில்லை. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற வகை, சத்தம் கேட்கவே கேட்காது. பேட்டரி, கார்டோடு சேர்த்து 257 கிராம். எதிரே இருப்பவரும் நம்மைப் படக்காரர் என்று நினைப்பதில்லை, பெரிய லென்ஸைக் கண்டதும் விறைத்துக்கொள்கிற தோள்கள் இதைப் பார்த்து விறைப்பதில்லை. இரவில் எஃப் 2.8க்குத் திறந்துவிட்டால் இந்த வித்தை பாதி செல்லாது, ஒன்றரை மீட்டரில் இருந்து மூன்று மீட்டர் வரைதான் பிடிக்கும், அதற்குத் தகுந்த மாதிரி நாம்தான் கிட்டப் போய் நிற்க வேண்டும்.

சரி, எக்ஸ்100விஐ. 2024இல் வந்தது, 40 மெகாபிக்சல், 35 மி.மீ. கோணத்துக்குச் சமமான எஃப் 2 லென்ஸ், அசைவைத் தாங்கும் வசதி, ஒரு விசையைத் தள்ளினால் கண்ணாடி வழியாகவும் மின்திரையாகவும் மாறிக்கொள்கிற வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கிற சாளரம்). படமும் நிறமும் அருமை, மறுப்பதற்கில்லை. முந்தைய எக்ஸ்100வி டிக்டாக்கில் பிரபலமாகி, கடைகளில் கிடைக்காமல், பழையதைப் புதியதைவிட அதிக விலைக்கு விற்ற கூத்தெல்லாம் நடந்தது. ஆனால் 521 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போகாது, தோளில் தொங்கப்போட வேண்டும். தோளில் தொங்குவதுதான் என்றால் லென்ஸ் மாற்றுகிற சின்ன ஃபியூஜி ஒன்றில் 27 மி.மீ. பான்கேக் (தட்டையான) லென்ஸை மாட்டிக்கொள்ளலாமே? நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, கேமராவின் அழகைப் பற்றித்தான் பேசுகிறார். அழகுக்காக வாங்குவது தப்பில்லை, அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நல்லது.

இனி ஜிஆரின் குறைகள், இதை மறைத்தால் பாவம். வியூஃபைண்டர் இல்லை, திரையும் மடங்காது, சித்திரை வெயிலில் குத்துமதிப்பாகத்தான் படமெடுக்க வேண்டும். பேட்டரி 200 படம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், ஆகவே இன்னொன்று கையில் இருந்தே தீர வேண்டும் (யூஎஸ்பி-சி என்பதால் பவர் பேங்கிலும் ஏற்றலாம்). 4கே வீடியோ கிடையாது. பழைய ஜிஆர் 2இல் இருந்த ஃபிளாஷையும் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தூசி. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகிற அமைப்பு, தண்ணீருக்கோ புழுதிக்கோ காப்பு எதுவும் இல்லை, உள்ளே போன தூசி சென்சாரில் உட்கார்ந்தால் லென்ஸைக் கழற்றி ஊத நமக்கு வழியில்லை, பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வரிசையைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற புகார் இது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் நான் இதை எடுத்துக்கொண்டு போவதில்லை, அன்றைக்குப் போன்தான். மற்ற நாட்களில் ஜிப் வைத்த சின்ன உறைக்குள் போட்டுத்தான் பாக்கெட்டில் வைக்கிறேன், பாக்கெட்டில் இருக்கிற நூலும் பஞ்சும்தான் முதல் எதிரி. கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பூஞ்சை வேறு, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள்.

குழந்தையின் பள்ளி ஆண்டு விழா, பறவை, கல்யாண மேடை, இதற்கெல்லாம் யோசிப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஜிஆர் 3 தயாரிப்பு நின்றுவிட்டது, ஜிஆர் 4 2025இல் வந்துவிட்டது, அதனால் பழையது வாங்க நிறையப் பேர் பார்க்கிறீர்கள். வாங்கும்போது எஃப் 16இல் வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாக நிற்கும். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

28 மி.மீ.யா, இதன் இன்னொரு வகையான ஜிஆர் 3எக்ஸில் வருகிற 40 மி.மீ.யா என்று கேட்டவருக்கு: போனின் சாதாரண கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். உங்கள் போன் படங்களைத் திறந்து, எத்தனையைச் சுற்றிலும் வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் வெட்டியிருந்தால் 40, அப்படியே விட்டிருந்தால் 28.