முகம் விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போச்சு, ஞாயிறுக்குள்ள சரி பண்ணணும்

அல்சூர்வாசி | வியாழன் இரவு 11.40
வணக்கம். ஒரு சின்ன சிப்பாய் மினியேச்சர் உருவம் பெயின்ட் பண்றேன். உடுப்பு, பெல்ட், பூட்ஸ் எல்லாம் நல்லா வந்துடுச்சு. முகம் நேத்து வரைக்கும் பரவாயில்ல, இன்னிக்கு சாயங்காலம் பார்த்தா விபூதி பூசின மாதிரி சாம்பல் பூத்துக் கிடக்கு. கண்ணும் எதையோ பார்த்து மிரண்டவன் மாதிரி முழிக்குது. பெட்டியில இருந்த கலர் சார்ட்படிதான் பண்ணேன். மேல மேல மூணு தடவை அடிச்சும் போகல. ஞாயிறு காலைல கையில இருக்கணும். ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

மாட்டுங்கா_மாடல் | வியாழன் இரவு 11.52
என்ன சைஸ், 28 மி.மீ.யா 75 மி.மீ.யா? என்ன பெயின்ட்? பிரைமர் (அடிப்பூச்சு) என்ன கலர்? வார்னிஷ் அடிச்சீங்களா? இதெல்லாம் இல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்துல ஒரு போட்டோ போடுங்க.

போர்வெல்_நண்பன் | வெள்ளி அதிகாலை 12.05
பெங்களூர்தானே? பெயின்ட்ல கலக்கற தண்ணி எது? போர்வெல் தண்ணின்னா விஷயம் அங்கதான் இருக்கு. எங்க வீட்டு பக்கெட்ல ரெண்டு நாள்ல வெள்ளைத் திட்டு படியும். அதே உப்புதான் முகத்துலயும் காயுது. ஆர்.ஓ. தண்ணிக்கு மாறுங்க.

நுண்தூரிகை | வெள்ளி காலை 6.10
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தேடிப் படிப்பதில்லை, நேராகக் கேட்டுவிடுகிறார்கள். மூன்று தடவை மேலே மேலே அடித்தேன் என்பதிலேயே பாதித் தவறு தெரிகிறது. முகம் என்பது சுவர் அல்ல. எத்தனை பங்கு தண்ணீர் கலந்தீர்கள்? பெயின்ட் காயாமல் காக்கும் ஈரத் தட்டு வைத்திருக்கிறீர்களா? தூரிகை என்ன எண்? மிகச் சிறிய 000 என்று சொல்லாதீர்கள். அதில் பெயின்ட் முகத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். கூர்மையான முனையுள்ள 1ஆம் எண் போதும், கண் வரைக்கும் அதிலேயே வரையலாம்.

அல்சூர்வாசி | வெள்ளி காலை 8.34
75 மி.மீ., ரெசின். அக்ரிலிக். பிரைமர் கிரே. தோல் நிறம்னு லேபிள் போட்ட பாட்டில்ல கொஞ்சம் பிரவுன் கலந்தேன், வெளிச்சம் படற இடத்துக்கு வெள்ளை சேர்த்தேன். ஆபீஸ் கிளம்பறேன், போட்டோ ராத்திரி போடறேன்.

மாட்டுங்கா_மாடல் | வெள்ளி காலை 8.50
வார்னிஷ் பத்தி இன்னும் சொல்லல.

கொலுப்படி | வெள்ளி காலை 9.15
தம்பி, எல்லாரும் பெயின்ட்டைப் பத்தியே கேக்கறாங்க. அந்தச் சிப்பாய் யாரு? எந்த ஊர் ஆள்? வெள்ளைக்காரனா நம்மாளா? அதைச் சொல்லாம நிறம் சொல்லச் சொன்னா எப்படி? நான் மல்லேஸ்வரத்துல பழைய கொலு பொம்மைகளுக்கு மறுபடி வர்ணம் தீட்டறேன். வர்றவங்க கிட்ட முதல்ல கேக்கறதே இது யாருங்கறதைத்தான்.

அல்சூர்வாசி | வெள்ளி மதியம் 1.20
ஸாரி அக்கா. எங்க தாத்தா. ரெண்டாம் உலகப் போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படையில இருந்தார். பிரிட்டிஷ் சிப்பாய் கிட் வாங்கி அவரா மாத்தறேன். ஞாயிறு பாட்டிக்கு 95. இருக்கறது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. தாத்தா நல்ல மாநிறம்னு அம்மா சொல்வாங்க. வார்னிஷ் ஆமா, மாட் ஸ்ப்ரே (பளபளப்பு இல்லாதது), புதன் ராத்திரி பால்கனியில அடிச்சேன். தூறிட்டிருந்துச்சு.

மாட்டுங்கா_மாடல் | வெள்ளி மதியம் 1.31
தூறல்ல மாட் ஸ்ப்ரே! இதை முதல்லயே சொல்லியிருந்தா ராத்திரியே முடிஞ்சிருக்கும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா மாட் வார்னிஷ் பனி மாதிரி வெளுத்துடும். மும்பை மழைக்காலத்துல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை நான் ஸ்ப்ரே கேனைத் தொடறதே இல்ல, பிரஷ்லதான் வார்னிஷ்.
இப்பவே ஒரு சோதனை பண்ணுங்க. சுத்தமான பிரஷ்ல தண்ணி தொட்டு முகத்தை நனைங்க. ஈரமா இருக்கும்போது சாம்பல் மறைஞ்சு, காஞ்சதும் திரும்பி வந்தா அது வார்னிஷ். நனைஞ்ச பிறகும் சாம்பலாவே இருந்தா கலவையில தப்பு. வார்னிஷ்தான்னா பிரஷ்ல மெலிசா ஒரு கோட் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் குடுங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும்.

போர்வெல்_நண்பன் | வெள்ளி மதியம் 2.02
வார்னிஷ் ஒரு காரணமா இருக்கலாம். தண்ணியையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

மாட்டுங்கா_மாடல் | வெள்ளி மதியம் 2.10
தண்ணின்னா உடுப்பும் வெளுத்திருக்கணுமே. அதே தண்ணிதானே அதுக்கும்?

போர்வெல்_நண்பன் | வெள்ளி மதியம் 2.25
உடுப்புக்குக் கெட்டியா அடிப்போம். முகத்துக்குத் தண்ணி நிறைய விட்டு மெலிசா அடிப்போம். உப்பு எங்க தெரியும்? யோசிச்சுப் பாருங்க.

கொலுப்படி | வெள்ளி மதியம் 3.05
வார்னிஷ் பாதிதான். மீதி அந்த பாட்டில். தோல் நிறம்னு லேபிள்ல போட்டிருக்கானே, அது யாரோட தோல்? அமெரிக்காவுல கிரேயோலா கம்பெனியே 1962லயே அந்தப் பேரை எடுத்துட்டு பீச்னு மாத்திடுச்சு. நாம இன்னும் அந்த இளஞ்சிவப்பைத் தாத்தா மூஞ்சில தடவி, மேல பிரவுன் ஊத்தி, அப்புறம் வெள்ளை ஏத்தறோம். சாம்பல் பூக்காம என்ன செய்யும்?

நுண்தூரிகை | வெள்ளி மாலை 5.40
லேபிள் வரலாறு இருக்கட்டும், கலவைக்கு வருவோம். இந்த ஒரு இடத்தில் கொலுப்படி அம்மா சொல்வது சரி. பழுப்புத் தோலில் டைட்டானியம் வெள்ளையை ஏற்றினால் நிறம் வெளிச்சமாகாது, செத்துப்போகும்.
அடிப்படைக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டும் சமமாக, ஒரு துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அம்பரில் துளி அல்ட்ராமரின் நீலம் கலந்து கண்குழி, மூக்கின் அடி, தாடைக்குக் கீழே. வெளிச்சத்துக்கு அதே அடிப்படைக் கலவையில் ஓக்கரை ஏற்றிக்கொண்டே போங்கள். கடைசிப் புள்ளியில் மட்டும் துளி ஆரஞ்சு, இம்மி வெள்ளை. கன்னம், மூக்கு நுனி, காது மடலில் சியன்னா சற்றுக் கூடட்டும். மழித்த தாடையில் இலேசான நீலச்சாயல். உள்ளங்கை தெரிந்தால் இரண்டு படி வெளுப்பாக.
ஒவ்வொன்றும் ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர். தூரிகையை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுத்து முடிக்கிறீர்களோ அங்கேதான் நிறம் தங்கும். ஒன்று நன்றாகக் காயும் முன் அடுத்ததைத் தொடாதீர்கள்.
பளபளப்பு முக்கியம். மாநிறத் தோலில் வெளிச்சத்தைக் காட்டுவது வெளுப்பைவிட மினுக்கம்தான். எல்லாம் முடிந்தபின் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பில் மட்டும் இலேசாக மினுங்கும் சாட்டின் வார்னிஷ்.
உதட்டுக்குச் சிவப்பு கூடவே கூடாது. அடிப்படையில் கொஞ்சம் அம்பர் போதும். கண்ணை முதலில் முடித்துவிடுங்கள், பிசகினால் தோல் நிறத்தால் சரிக்கட்டலாம். வெண்விழிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், பழுப்பேறிய வெள்ளை. கருவிழியைப் புள்ளியாக வைக்காமல் மேலிமையிலிருந்து கீழிமை வரை தொடும் கோடாக இழுத்தால் முழிக்காது.

கொலுப்படி | வெள்ளி இரவு 7.30
கண்ணை முதல்லயா? எங்க வழக்கத்துல கண் திறக்கறதுதான் கடைசி வேலை. கோயில் சிலைக்கும் அதுதான், பொம்மைக்கும் அதுதான். முகம் முழுக்கத் தீர்ந்தப்புறம்தான் பார்வை எந்தப் பக்கம் போகணும்னு கைக்குத் தெரியும்.

நுண்தூரிகை | வெள்ளி இரவு 8.02
சடங்கு வேறு, தொழில்நுட்பம் வேறு. 75 மி.மீ. உருவத்தில் கண் ஒரு மில்லிமீட்டர்தான். கடைசியில் பிசகினால் இரண்டு நாள் உழைப்பு போய்விடும்.

கொலுப்படி | வெள்ளி இரவு 8.20
பிசகக்கூடாதுன்னுதான் கடைசியில வைக்கறது. கை பழகின பிறகு, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. சடங்குன்னு தள்ளாதீங்க, அதுவும் தொழில்தான்.

பழைய_பட்டாளம் | வெள்ளி இரவு 9.10
சாப்பர்ஸ்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. 1780ல ஆரம்பிச்ச படை, இன்னிக்கும் தலைமையிடம் நம்ம அல்சூர் ஏரிக்கரைதான். இந்தப் படை ஆளுங்களைப் பட்டாளத்துல தம்பிகள்னுதான் கூப்பிடுவாங்க. 1944 பிப்ரவரி 24 அன்னிக்கு இத்தாலியில மிக்னானோ கிட்ட, கண்ணிவெடி மேல தானே விழுந்து மத்தவங்களைக் காப்பாத்தின சுபேதார் சுப்ரமணியன் இந்தப் படைதான். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் குடுத்தாங்க. உங்க தாத்தா இத்தாலியா பர்மாவா? பர்மான்னா கடைசி வருஷங்கள்ல காக்கி இல்ல, ஜங்கிள் கிரீன். உடுப்பையும் பார்த்துக்குங்க.

மாட்டுங்கா_மாடல் | சனி மதியம் 12.15
தம்பி, சோதனை என்ன ஆச்சு? போட்டோ எங்க?

போர்வெல்_நண்பன் | சனி மாலை 6.45
ஆர்.ஓ. தண்ணி முயற்சி பண்ணீங்களா?

அல்சூர்வாசி | ஞாயிறு இரவு 10.55
எல்லாருக்கும் நன்றி. நனைச்சப்போ நெத்தி தெளிஞ்சுது, கன்னம் சாம்பலாவே இருந்துச்சு. ரெண்டு தப்பும் இருந்திருக்கு. கிளாஸ் வார்னிஷ் குடுத்து, நுண்தூரிகை சார் சொன்ன கலவையில ஆறு லேயர். கண்ணைக் கடைசியில வச்சேன். இடது கண் சரியா வந்துச்சு, வலதை ரெண்டு தடவை அழிச்சேன். பர்மாதான், உடுப்பை மாத்த நேரம் இல்ல.
பாட்டி ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. உதடு இப்படி இருக்காதுடா, வெத்தலை போடாம ஒரு நாள் இருந்ததில்ல அவர்னாங்க. வெத்தலைச் சிவப்புக்கு என்ன கலக்கறது?

நுண்தூரிகை | ஞாயிறு இரவு 11.20
பர்ன்ட் சியன்னாவில் துளி அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு). உதட்டின் உள்விளிம்பில் மட்டும், வெளியே போகப்போக மங்கட்டும். காய்ந்ததும் சாட்டின். போட்டு முடித்ததும் படம் அனுப்புங்கள், பார்க்க வேண்டும்.