புதுப்பிப்பு: பாலத்துல இருந்து குதிக்கச் சொன்ன மேப் அம்மணி

மேம்பாலத்து மேல போய்க்கிட்டிருந்தவனை "இடப்பக்கம் திரும்புங்கள்"னு மேப் அம்மணி கீழ குதிக்கச் சொன்ன கதையை முன்னாடி எழுதியிருந்தேன்ல? செட்டிங்ஸை மாத்து, போனை மாத்துன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னீங்க. கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

போன் மேல தப்பில்லை. திறந்த வெளியில ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள்ள இடத்தைச் சொல்லிடும். உயரக் கணக்குலதான் உதைக்குது. ஜிபிஎஸ் சிக்னல் அனுப்புற செயற்கைக்கோள்ல போனுக்கு எட்டுறது எல்லாம் தலைக்கு மேலதான். காலுக்குக் கீழ இருக்கிறதைப் பூமி மறைச்சிடுது. அதனால பக்கவாட்டைவிட மேல-கீழ பிழை அதிகம். பாலமும் அடிச்சாலையும் மேலிருந்து பார்த்தா ஒரே கோடு வேற. அதான் நாம மேல போறோமா கீழ போறோமான்னு அம்மணி குழம்பிடறாங்க. ரெண்டு பக்கமும் உயரமான கட்டடம் இருந்தா இன்னும் விசேஷம்: சிக்னல் சுவர்ல பட்டுத் தெறிச்சு, நம்மளைப் பக்கத்துத் தெருவுல கொண்டுபோய் நிறுத்திடும்.

இப்போல்லாம் பாலம் வர்றதுக்கு முன்னாடியே பலகையைப் படிச்சுடறேன். அம்மணிதான் விடறதா இல்லை. பாலத்து உச்சியில "யூ-டர்ன் எடுங்கள்"ங்கறாங்க. உடனே பின்சீட்டுல இருந்து, "அதான் சொல்லுதே, திரும்பேன்!"

அம்மணி சத்தத்தைக் குறைச்சுட்டேன். பின்சீட்டுக்கு எந்த செட்டிங்ஸ்னு தெரிஞ்சா சொல்லுங்க.