தொழில் சிந்தனையைத் தூண்டும் குழுப் பயணம்: எங்கே செல்லலாம், எப்படி நடத்தலாம்?

கேள்வி – கரூர் வாசகர்

வணக்கம். வீட்டு உபயோகத் துணித் தொழிலைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஆண்டுதோறும் ஊட்டி, கொடைக்கானல் என்று சுற்றுலா சென்று வருகிறோம். எங்களில் சொந்தத் தறிக்கூடம் வைத்திருப்பவர்களும் உண்டு, ஏற்றுமதி அலுவலகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களும் உண்டு. இம்முறை பிற தொழில்கள் நடக்கும் விதத்தை நேரில் பார்க்க விரும்புகிறோம். ஒருவர் முன்னால் விளக்கிக்கொண்டே செல்ல, மற்றவர்கள் பின்னால் நடந்துவிட்டுத் திரும்புவதாக அது முடிந்துவிடக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – மதுரைக்காரன்

தம்பி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி முதலில் யோசியுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த நிறுவனம், கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே ஏராளமான ஏழைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளித்து வருகிறது. அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே, பயிற்சி பெற்ற பெண்கள் அடுத்த மேசையில் அடுத்த நோயாளியை ஆயத்தம் செய்துவிடுவார்கள். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) மாற்றுவதற்காகத் தறி நிற்கும் நேரத்தை எண்ணிக் கவலைப்படும் உங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறு துணி ஆலையில் கிடைக்காது என்பதே என் கருத்து. அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் விழிவில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992இல் அவர்களே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய காரணத்தையும் கேட்டறியுங்கள்.

மறுமொழி – ரயில் பயணி

தொழில்முனைவை ஊக்குவிப்பதற்காக மும்பையிலிருந்து புறப்படும் ஜாக்ரிதி யாத்திரையில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். 2008 முதல் நடந்துவரும் அந்த 15 நாள் ரயில் பயணம் ஏறக்குறைய 8,000 கி.மீ. நீளமுடையது, நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து செல்வார்கள். பார்த்த இடங்களைக் காட்டிலும், அன்று பார்த்ததைப் பற்றி இரவில் ரயில் பெட்டியில் நடந்த வாதங்களே எனக்குப் பெரிதும் உதவின. ஆகவே ஒரு நாளைக்கு ஓரிடம் போதும், திரும்பும் வழியில், "இந்த நிறுவனம் நம்முடையதாக இருந்தால் எதை மாற்றுவோம்?" என்று ஒவ்வொருவரும் பேசியாக வேண்டும் என வைத்துக்கொள்ளுங்கள். பாட்டும் படமும் பிறகு இருக்கட்டும்.

மறுமொழி – கொங்கு நண்பர்

வெற்றி பெற்ற இடங்களை மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீராத சிக்கல் உள்ள இடத்தில்தான் புதுத் தொழிலுக்கு இடமிருக்கிறது. கழிவுநீர்ச் சிக்கலுக்காகச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாய ஆலைகள் 2011இல் மூடப்பட்டு, மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகு, பல ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் சாயமேற்ற உதவும் உப்புக் கரைசலையும் ஆலைகளுக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆனாலும் பயன்படுத்த முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. வேதியியல் படித்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று அதைப் பாருங்கள். இன்னொன்று: முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் ஒரே குழுவில் இருந்தால், வேலை பார்ப்பவர் வாய் திறக்க மாட்டார். கலந்துரையாடலிலாவது அவர்களைப் பிரித்து அமர்த்துங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இம்முறை மதுரையும் திருப்பூரும் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு இடங்களுக்கும் அனுமதி கேட்டு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். குழுக்களைப் பிரிக்கும் பொறுப்பைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடமே ஒப்படைக்கிறோம்.