முகட்டுப் பனியில் கழன்று வரும் மைக்ரோஸ்பைக்: என்ன செய்யலாம்?

வணக்கம். டெல்லி, மயூர் விஹார்ல இருக்கேன். ஜனவரி கடைசியில உத்தராகண்ட்ல இருக்கற சோப்தாலேர்ந்து துங்கநாத் வழியா சந்திரசிலா (சுமார் 4,000 மீட்டர்) ஏறப் போறோம். பிரச்சினை என் மைக்ரோஸ்பைக் (பனியில வழுக்காம இருக்க பூட்ஸ் மேல மாட்டற, ரப்பர் பட்டையும் சின்ன முள்ளும் உள்ள சாதனம்).

டிசம்பர்ல உத்தராகண்ட்லயே கேதார்காந்தா சிகரத்துக்குப் போனேன். உச்சிக்கு முந்தின ஏத்தத்துல, விடியறதுக்கு முன்னாடி, பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. சரிவுல பக்கவாட்டா கால் வச்சா இடது ரப்பர் குதிகால்லேர்ந்து நழுவி, முள்ளெல்லாம் பூட்ஸுக்கு வெளியே வந்து நிக்குது. மூணு தடவை. கையுறையைக் கழட்டி மறுபடி மாட்டறதுக்குள்ள விரல் மரத்துப் போச்சு. வெயில் வந்ததும் ஈரப்பனி முள்ளுக்கு நடுவுல கொழுக்கட்டையா உருண்டு ஒட்டிக்கிச்சு, அது தனித் தொல்லை.

ஸ்பைக் எல் சைஸ். பூட்ஸ் 9, கணுக்கால் உயரம், அடிப்பாகம் வளையும். மேல வெல்க்ரோ பட்டை கட்டினேன். முன்பாதம் நிக்குது, குதிகால் நிக்கல. எம் சைஸ் கடையிலயே ஏற மாட்டேங்குது. குளிர்ல ரப்பர் இன்னும் விறைக்கும். டெல்லியில சோதிச்சுப் பார்க்க பனிக்கு எங்க போறது? மொட்டை மாடியில நடந்ததுல டைல்ஸ்தான் கீறிச்சு, வீட்டுக்காரர்கிட்ட பாட்டு.

இந்த மாதிரி வளையற பூட்ஸுல, வார் வச்சுக் கட்டற 10 முள் கிராம்பான் (மைக்ரோஸ்பைக்கை விட நீளமான முள் உள்ள உலோகச் சட்டம்) கழலாம நிக்குமா?