லாக்ஸ் முடிக்கு எச்சரிக்கை: டெக்சாஸ் அலுவலக விதியை எப்படித் திருத்துவது?

மருதம்:
ஹூஸ்டனில் 40 பேர் வேலை பார்க்கும் அலுவலகம், பெரும்பாலும் வெள்ளையர்கள். உடை விதியில் ‘முடி நேர்த்தியாக, அலுவலகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்’ என்றொரு வரி. அதைக் காட்டி, லாக்ஸ் (கயிறு கயிறாகத் திரண்டு வளரும் முடி) வைத்திருக்கும் கறுப்பினப் பெண் ஊழியரை மேலாளர் வாய்மொழியாக எச்சரித்திருக்கிறார். மனிதவளப் பிரிவு விதியில் எதை மாற்ற வேண்டும்? அவர் புகார் கொடுக்க எவ்வளவு காலம் இருக்கிறது?

நீதிமுரசு:
முதலில் அந்த எச்சரிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் கிரவுன் சட்டம் அமலில் இருக்கிறது; இனத்தோடு தொடர்புள்ள முடி அலங்காரத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் (முறுக்கிய முடி) மூன்றும் அதில் பெயர் சொல்லியே வருகின்றன.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை மேலாளருக்கும் சொல்லுங்கள். 2010இல் அலபாமாவின் மொபீல் நகரில் ஒரு பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம், லாக்ஸ் ‘கலைந்துபோகும்’ என்று வெட்டச் சொன்னது. மறுத்தார், வேலை போயிற்று. முடி அலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது, எனவே 1964 சிவில் உரிமைச் சட்டம் அதைக் காக்காது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. முதிர்ந்த லாக்ஸைப் பிரிப்பது லேசில் நடக்காது; பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டும். பல வருடம் வளர்த்ததை இழக்கச் சொல்வது அது.

கார்த்திகைப்பூ:
சிக்கலே ‘நேர்த்தி’, ‘ஏற்றது’ என்ற சொற்களில்தான். யார் கண்ணுக்கு நேர்த்தி? அந்த வரியை முழுதாக எடுங்கள். இயந்திரம், சமையலறை மாதிரி ஆபத்துள்ள இடம் இருந்தால் மட்டும் ‘எந்த வகை முடியானாலும் கட்டியிருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். நீள வரம்பும் வேண்டாம். டெக்சாஸின் பார்பர்ஸ் ஹில் பள்ளி மாவட்ட வழக்கில் மாணவரின் முடி நீளக் கட்டுப்பாடு கிரவுன் சட்டத்தை மீறவில்லை என்று 2024இல் விசாரணை நீதிபதி சொன்னார் என்பது உண்மை. ஆனால் லாக்ஸ் வைத்திருப்பவருக்கு அதுவும் வெட்டு என்றுதான் அர்த்தம்.

மதிப்பீட்டுப் படிவத்தையும் பாருங்கள். முடியைப் பற்றி வாய் திறக்க முடியாதபோது ‘அணுகுமுறை சரியில்லை’, ‘கடுமையாகப் பேசுகிறார்’ என்று எழுதுவார்கள். தேதி, வேலை, விளைவு மூன்றும் இல்லாத குறிப்பை ஏற்காதீர்கள்.

நெய்தல்:
கெடு விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டெக்சாஸ் மாநிலப் புகாருக்கு 180 நாள், கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு 300 நாள். உள்ளே புகார் கொடுத்துக் காத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெறும் வாய்மொழி எச்சரிக்கையை வைத்து வழக்கு நிற்பது கடினம். சம்பளம், பொறுப்பு, பதவி உயர்வு ஏதாவது பாதிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும்.

படிவத்தில் இனம், பாலினம் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் ஐந்து கறுப்பினப் பெண்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்தது. நிறுவனம் பெண்களை எடுத்திருந்தது, ஆனால் வெள்ளைப் பெண்களை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியது இப்படிக் கறுப்பினப் பெண்கள் விடுபடும் இடைவெளியைப் பற்றித்தான். ஹூஸ்டன் இருக்கும் ஐந்தாவது வட்டத்தில் (கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைப் பகுதி) நிலைமை வேறு. 1980இல் அங்கே கறுப்பினப் பெண்களைத் தனிப் பிரிவாகவே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. புகாருக்குப் பிறகு வேலைநேரத்தை மாற்றினாலோ திட்டத்திலிருந்து எடுத்தாலோ ‘பழிவாங்கல்’ கட்டத்தையும் குறிக்க வேண்டும்.